நூல் இழுக்கிற தயிர்

ஏப்ரல் 2

மருத்துவர் ஒரு நோட்டு போடச் சொன்னார். என்ன கொடுத்தோம், எத்தனை முறை இருமினார், காய்ச்சல் உண்டா, அவ்வளவு எழுதினால் போதும் என்றார். எனக்கு அவ்வளவோடு நிறுத்த வராது. முனைவர் பட்டத்துக்காக ஆய்வகத்தில் பதினோரு நோட்டு எழுதி நிரப்பியவள் நான். இது பன்னிரண்டாவது.

நோயாளி சென்னியப்பன், வயது நாற்பத்து நான்கு, என் கணவர். பிப்ரவரியில் பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு, விழுங்குவது நான்கும் ஒரே காலையில் போயின. கால் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. பேச்சில் ‘வேண்டாம்’, ‘தண்ணி’ என்று இரண்டு சொல் திரும்பியிருக்கின்றன. இருபது வருடம் ஊர் பால் சொசைட்டியில் நின்று, வாளியைச் சாய்க்கும்போதே எந்த வீட்டுப் பாலில் எவ்வளவு தண்ணீர் என்று சொன்ன மனுஷன்.

மூக்கில் போட்டிருந்த குழாயை எடுத்து ஐந்து நாள் ஆகிறது. தண்ணீர், டீ, மோர் எதுவும் கூடாது. தொண்டை மூடுவதற்குள் அவை மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். எல்லாம் தேன் பதத்தில் இருக்க வேண்டும். இன்னொரு முறை நெஞ்சில் சளி கட்டினால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்துவிடுவோம் என்று மருத்துவர் அவர் எதிரிலேயே சொன்னார். மே 16 அன்று பார்த்து முடிவு செய்வார்களாம். அதைக் கேட்டதும் அவர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். வீட்டுக்கு வரும்வரை விடவில்லை.

கெட்டிக் கஞ்சி கொடுத்தேன். இருமல்: 4.

ஏப்ரல் 3

மருத்துவமனையில் கொடுத்த கெட்டிப் பொடியில் கரைத்தும் இருமல் 3.

எனக்குச் சந்தேகம். ஒரு டம்ளரில் கஞ்சியை ஊற்றி அதில் துப்பினேன். அசிங்கம்தான், பார்க்க யாருமில்லை. பத்து நிமிடத்தில் கஞ்சி தண்ணீராகிவிட்டது. பொடியும் அதே கதை. இரண்டும் மாவு, எச்சில் மாவைக் கரைத்துவிடும். நமக்கு அது தெரியாது, வாயில் போட்டதும் விழுங்கிவிடுகிறோம். அவர் விழுங்க வெகுநேரம் ஆகிறது. தேனாகப் போனது அவர் வாயிலேயே தண்ணீராகித் தொண்டைக்குள் இறங்குகிறது.

எச்சிலுக்குக் கரையாத கெட்டி ஒன்று வேண்டும். ஆறு வருடமாக அதைத்தானே நான் ஆராய்ந்துகொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 5

மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரிலிருந்து B-17 குப்பி ஒன்றை எடுத்தேன். மொத்தம் ஆறு இருந்தன. பதிவேட்டில் ‘ஆய்வுக்கு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய் ஒன்றுமில்லை.

B-17 என்பது பர்கூர் மலையில் ஒரு வீட்டுத் தயிர்ப்பானையிலிருந்து நான் பிரித்தெடுத்த பாக்டீரியா. பாலைப் புளிக்க வைக்கும்போது கூடவே ஒரு நீளமான சர்க்கரைச் சங்கிலியைக் கக்கும். தயிரைக் கரண்டியில் எடுத்தால் நூல் நூலாக இழுக்கும். எச்சில் அந்தச் சங்கிலியை வெட்டாது.

ஏப்ரல் 7

குப்பியை ஊற்றி வீட்டில் உறைய வைத்த தயிர் இழுத்தது. கரண்டியைத் தலை உயரத்துக்குத் தூக்கினேன், நூல் அறாமல் கிண்ணம் வரை வந்தது.

கொஞ்சம் ஆய்வகத்துக்கு எடுத்துப் போய் ரியோமீட்டரில் வைத்தேன். இரண்டு தட்டுகளுக்கு நடுவே பொருளை வைத்து மேல் தட்டைச் சுழற்றினால், அது எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்று சொல்லும் கருவி. சும்மா இருக்கும்போது கெட்டியாக இருக்கும். சுழலச் சுழல இளகும். நிறுத்தினால் பழையபடி திரும்பும். விழுங்குகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நாக்கு தள்ளும்போது வழிவிட்டு, தொண்டையில் சிதறாமல் ஒரே கட்டியாக இறங்கும். விழுங்கும் வேகத்துக்குச் சமம் என்று வழக்கமாகக் கொள்ளும் சுழற்சியில் பாகுத்தன்மை 612. தேன் பதம் 350-இல் தொடங்குகிறது.

ஏப்ரல் 8

ஆறிய நீர் கொஞ்சம் சேர்த்து, உப்புப் போட்டுக் கொடுத்தேன். இடது கையால் அவரே எடுத்துக் குடித்தார். அரை டம்ளர். இருமல்: 0.

கரண்டியை உயரத் தூக்கி நூலைப் பார்த்துச் சிரித்தார். வாயின் ஒரு பக்கம்தான் சிரித்தது. நான் சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 10

இருமல்: 0. அவருடைய அக்கா பாவாத்தாள் கவுந்தப்பாடியிலிருந்து வந்துவிட்டார். எனக்கு நங்கை முறை. நான் கல்லூரிக்குப் போகும்போது தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. வந்ததும் ஃப்ரிட்ஜைத் திறந்து, தயிரைத் தொட்டுப் பார்த்து, இது கெட்டுப்போன தயிராட்டம் கொழகொழன்னு இருக்கிறதே என்றார். விளக்கினேன். அவர் எதையும் எதிர்த்துப் பேச மாட்டார், நம்பவும் மாட்டார்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். தயிருக்கு உறை ஊற்றுவது நான் மட்டும்தான். முந்தின நாள் தயிரில் ஒரு கரண்டி, ஆறிய பால் ஒரு லிட்டர். கரண்டி முதல் பாத்திரம் வரை வெந்நீரில் கழுவி வைத்திருக்கிறேன். நங்கை தொடக்கூடாது.

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடியை மிக்ஸியில் அரைத்து, தயிரோடு ஒரு ஸ்பூன். இருமல்: 0. ஒரு கிலோ ஏறியிருக்கிறார்.

ஏப்ரல் 19

வெயில் கொளுத்துகிறது. சமையலறையில் தெர்மாமீட்டர் வைத்தேன், முப்பத்தொன்பது. ஒரு நன்மை, முன்பு பதினான்கு மணி நேரம் எடுத்த தயிர் இப்போது ஐந்து மணி நேரத்தில் உறைகிறது. காலையில் ஊற்றினால் மதியத்துக்கு ஆயிற்று. இருமல்: 0.

ஏப்ரல் 23

ரெஜினா மேடம் ஃப்ரீசரைக் கணக்கெடுத்தார். என் நெறியாளர். ஆறில் ஒன்று எங்கே என்று கேட்டார். கடைசி அத்தியாயத்துக்கு வளர்த்தேன் என்றேன். தலையசைத்தார். பிறகு, யாரிடமும் இல்லை என்பதுபோல், ஆய்வகத்தில் வளர்ந்தது எதுவும் யார் வாய்க்கும் போகக்கூடாது, அனுமதி வாங்காமல் ஒரு சொட்டுகூட, என்று பொதுவாகச் சொன்னார். எல்லா வருடமும் சொல்வதுதான்.

இருமல்: 1. தலையணை சரியாக வைக்கவில்லை.

ஏப்ரல் 26

இருமல்: 1.

ஒரு புதுப் பிடிவாதம். கரண்டியில் எடுக்கிறார், வாய்க்குக் கொண்டுபோகாமல் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். என்னையே பார்க்கிறார். சிரிப்பு இல்லை. சாப்பிடுங்க மாமா என்றால் ‘வேண்டாம்’. தயிர் கையில் வழிந்து லுங்கியெல்லாம் ஆகிவிட்டது. தினமும் ஒரே சாப்பாடு, அலுத்திருக்கும். கடைசியில் நானே ஊட்டினேன்.

ஏப்ரல் 29

இருமல்: 2. தூசி. பக்கத்து மனையில் வீடு இடிக்கிறார்கள்.

மறுபடி கரண்டி நாடகம். நங்கை பார்த்துவிட்டு, “முன்னயாட்டம் இல்லியே கோகிலா, மோராட்டம் ஓடுது” என்றார். அறுநூற்றுப் பன்னிரண்டு என்றேன். என்னவென்று கேட்டார். அளந்து பார்த்த எண், தேனைவிடக் கெட்டி, கண்ணால் பார்த்துச் சொல்லும் விஷயம் இல்லை இது என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன். அவர் புடவைத் தலைப்பால் தம்பி கையைத் துடைத்துவிட்டுப் போனார்.

மே 2

செய்முறை அத்தியாயத்தை முடித்தேன். நல்ல வாக்கியம் ஒன்று வந்தது, மேடத்துக்குப் பிடிக்கும்: ‘ஒவ்வொரு அளவீட்டுக்கும் பாக்டீரியா உறைநிலைக் குப்பியிலிருந்து புதிதாக வளர்க்கப்பட்டது; எந்நிலையிலும் மூன்று முறைக்கு மேல் மாற்றி வளர்க்கப்படவில்லை.’

வீட்டுக்கு வந்து உறை ஊற்றினேன். இருமல்: 3.

மே 5

கிண்ணத்தைத் தட்டிவிட்டார். சுவரெல்லாம் தயிர். எனக்கும் பொறுமை போய்விட்டது. உங்களுக்காகத்தானே இவ்வளவும், வயிற்றில் ஓட்டை போட்டுக்கொள்ள ஆசையா என்று கேட்டுவிட்டேன். அவர் வாயைத் திறந்து எதையோ சொல்ல முயன்றார். முகம் சிவந்து, நரம்பு புடைத்து, கடைசியில் வந்தது ‘தண்ணி’. தண்ணி, தண்ணி என்று கரண்டியைக் காட்டிக் காட்டிச் சொன்னார். தண்ணீர் தர முடியாது மாமா என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

சுவரைத் துடைப்பது சுலபமாக இருந்தது. ஒரே துடைப்பில் போய்விட்டது.

இருமல்: 5.

மே 8

காய்ச்சல் நூற்று இரண்டு. மூச்சு இரைக்கிறது. ஆம்புலன்ஸ்.

மே 9

வலது நுரையீரலின் அடியில் சளி. மூக்குக் குழாய் திரும்ப வந்துவிட்டது.

துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் சொம்பு, பாதித் தண்ணீரோடு. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தண்ணி தண்ணி என்று அவர் கேட்டதும், நங்கை எதிர்த்துப் பேசாமல் நின்றதும்.

நங்கை துணி மடித்துக்கொண்டிருந்தார். சொம்பை அவர் முன்னால் வைத்தேன். நான் பேசியதை எழுத விரும்பவில்லை. பாசத்தால் கொன்றுவிடுவீர்கள் என்பது அதில் ஒன்று.

“அது நான் மாத்திரை போட்டுக்கிட்ட தண்ணி,” என்றார். “அவன் என்ற தம்பி. தண்ணி கேக்கறப்பெல்லாம் நான் கொல்லைப்பக்கம் போயி நின்னுக்குவேன். குடுக்கலை கோகிலா. ஒரு முடக்குகூடக் குடுக்கலை.”

நான் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்கும். மடித்த துணிகளைக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

மே 10

காய்ச்சல் இறங்குகிறது. 16-ஆம் தேதி மூக்கு வழியாகச் சின்னக் கேமராவை விட்டு, விழுங்குவதைத் திரையில் பார்ப்பார்களாம். ஒரு துளி மூச்சுக்குழாய்க்குப் போனாலும் மறுநாளே வயிற்றுக் குழாய். வீட்டில் எதைக் கொடுக்கிறீர்களோ அதையே கொண்டு வாருங்கள், சாயம் கலந்து பார்க்கலாம் என்றார் மருத்துவர்.

கட்டிலில் மாமா என்னைப் பார்ப்பதில்லை. சுவரைப் பார்க்கிறார்.

மே 11

பரிசோதனைக்குப் புதிதாக உறை ஊற்ற ஃப்ரிட்ஜைத் திறந்தேன். எட்டாம் தேதித் தயிர் தொடாமல் இருந்தது. கரண்டியில் எடுத்தேன். கை தானாக உயர்ந்தது, அவர் கையைப் போல.

நூல் இல்லை. சொட்டுச் சொட்டாக விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை, ஆய்வகத்தில் யாருமில்லை. அளந்தேன். 41. மூன்று முறை அளந்தேன். 41, 43, 41.

அங்கேயே உட்கார்ந்து இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். ஏப்ரல் 8 முதல் மே 8 வரை தினமும் ஒரு கரண்டி, முப்பத்தொரு முறை மாற்றி வளர்த்திருக்கிறேன். அதுவும் முப்பத்தொன்பது டிகிரியில். நூல் நூற்கும் வித்தை இந்த பாக்டீரியாவின் உடம்போடு ஒட்டியது அல்ல. ஒரு சின்ன மரபணு வளையமாகச் செல்லுக்குள் தனியே மிதப்பது. சூட்டில் மாற்றி மாற்றி வளர்த்தால் அதைக் கழற்றிப் போட்டுவிடும். சங்கிலி கக்கும் வேலை மிச்சம் என்பதால், வளையம் இல்லாததுதான் வேகமாகப் பெருகும். ஐந்து மணி நேரத்தில் உறைகிறது என்று மகிழ்ந்து எழுதியிருக்கிறேன். முதலாண்டு மாணவிக்குத் தெரிந்த விஷயம். மே 2 அன்று அதை நானே அழகான வாக்கியமாக எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து உறை ஊற்றியிருக்கிறேன். ஆய்வக வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டு அடுப்படிக்குள் நுழைந்தால் நான் எல்லா வீட்டுப் பெண்ணையும் போலத்தான் உறை ஊற்றுகிறேன். அது தயிர், பரிசோதனை இல்லை என்று கை நினைத்துக்கொண்டது.

0, 0, 1, 1, 2, 3, 5. தலையணை, தூசி என்று காரணம் எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் 26-ஐ இரண்டு முறை படித்தேன். இருபது வருடம் பாலைச் சாய்த்துப் பார்த்தே தண்ணீர் கண்டுபிடித்தவர். கரண்டியைத் தூக்கிப் பிடித்து, இரண்டே சொல் இருந்த வாயால் ‘வேண்டாம்’ என்றார். பிறகு ‘தண்ணி’ என்றார். அவர் தண்ணீர் கேட்கவே இல்லை.

மே 12

பழைய கள ஆய்வு நோட்டைத் தேடி எடுத்தேன். பர்கூர் மலை, அந்தத் தயிர்ப்பானை வீட்டுப் பெண் மாதம்மா. அந்த வீட்டிலும் தினமும் முந்தைய நாள் தயிரில்தான் உறை. அவர்களுடையது ஏன் கெடவில்லை? மலையில் குளிர்ச்சி, அது ஒன்று. என் கையெழுத்தில் இன்னொரு வரி இருந்தது: ‘வீட்டில் நான்கு பானைகள். காலையில் ஒவ்வொன்றிலும் அகப்பையைத் தூக்கிப் பார்க்கிறார். நூல் அறுந்த பானையிலிருந்து உறை எடுப்பதில்லை. நம்பிக்கை சார்ந்த வழக்கம்.’

நம்பிக்கையாம். அந்தச் சொல்லைப் பேனாவால் அடித்தேன்.

மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். குப்பி, பதிவேடு, வீட்டு ஃப்ரிட்ஜ், 41. முடித்ததும் ஃப்ரீசர் சாவியைக் கேட்டார். கொடுத்தேன்.

“நீ திருடினதுகூட அப்புறம், கோகிலவாணி. ஒரே ஒரு நாள் அளந்த நம்பரை வெச்சுக்கிட்டு ஒரு மாசம் ஒரு மனுஷனுக்கு ஊட்டியிருக்க. உன் தீசிஸ்ல அப்படி எழுதியிருந்தா நான் கிழிச்சுப் போட்டிருப்பேன்.”

துறைக்கு எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும், அதுவரை ஆய்வு நிறுத்தம் என்றார். இன்னொரு குப்பி கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை, கேட்காமலே அவர் சொன்னார்: “இங்கேயிருந்து ஒரு சொட்டு போகாது. மலைக்குப் போ. அவங்க சாப்பிடற தயிரை அவங்ககிட்டயே கேட்டு வாங்கு. டாக்டர்கிட்ட அது என்னன்னு மறைக்காம சொல்லு. கொண்டு வந்தா அளந்து தர்றேன்.”

மே 13

அந்தியூர், அங்கிருந்து மலை பஸ். மாதம்மாவுக்கு என்னை நினைவிருந்தது, கொண்டு வந்த ஐஸ் பெட்டியைப் பார்த்துச் சிரித்தார். நான்கு பானையையும் தூக்கிப் பார்த்தார். இரண்டாவதைக் கொடுத்தார். மூன்றாவதும் எனக்கு நன்றாகவே இழுப்பதாகத் தெரிந்தது. “அது நாளைக்கு அறுந்துரும்,” என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். தெரியும் என்றார்.

திரும்பும் வழியில் மருத்துவமனை. அவரிடம் சொன்னேன். நீங்க காட்டினீங்க மாமா, நான்தான் பார்க்கலை என்றேன். அவர் சுவரிலிருந்து பார்வையைத் திருப்பினார். பிறகு இடது கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து வைத்தார். பிடித்துக்கொண்டேன்.

மே 14

கவுந்தப்பாடி. நங்கை கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. நின்றபடியே சொன்னேன். தப்பு என்னுடையது, உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை, கொலை என்ற சொல்லை உங்களைப் பார்த்துச் சொன்னதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பதென்றும் தெரியவில்லை என்றேன்.

“அஞ்சு நாளா அந்தச் சொம்பைத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்,” என்றார். “ஒருவேள எனக்கே தெரியாம குடுத்துட்டனோன்னுகூட யோசிச்சுட்டேன்.”

அது எதைவிடவும் வலித்தது. அவர் முகம் கழுவிக்கொண்டு வந்து புடவை மாற்றினார். பஸ்ஸில் ஏறும்முன் ஒரு நிபந்தனை போட்டார். இனி தம்பி வாய்க்குப் போகும் எதையும் அவரும் தூக்கிப் பார்ப்பார், என் மெஷின் என்ன சொன்னாலும் சரி. சரி என்றேன்.

மே 15

மலைத் தயிரில் நேற்று இரவே உறை. ஈரத்துணி சுற்றி, குளிர்ந்த நீர்த் தொட்டியில் பாத்திரத்தை வைத்தேன். இருபத்தாறு டிகிரி. பதினைந்து மணி நேரம் எடுத்தது. தயிர் மெதுவாக உறைந்ததற்காக நான் இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் முறை.

நீர் சேர்த்து, அவர் குடிக்கும் பதத்திலேயே மேடம் அளந்தார். 438. எச்சில் கலந்து பத்து நிமிடம் கழித்து 431. எண்ணைத் தாளில் எழுதித் தந்தார். கீழே தேதியும், அடிக்கோடிட்டு ‘இன்றைக்கு மட்டும்’ என்றும் எழுதியிருந்தார்.

மே 16

காலை ஒன்பதரை. தயிர் எங்கிருந்து வந்தது என்று மருத்துவரிடம் முழுவதும் சொன்னேன். புருவத்தை உயர்த்தினார், வேறு எதுவும் கேட்கவில்லை. நீலச் சாயம் இரண்டு சொட்டு கலந்தார். கேமரா என் கணவரின் மூக்கு வழியாக இறங்கியது. திரையில் தொண்டை தெரிந்தது, ஈரமாக, இளஞ்சிவப்பாக, மூச்சுக்குழாயின் வாய் திறந்து திறந்து மூடியபடி.

நர்ஸ் ஊட்ட வந்தார். மாமா ‘வேண்டாம்’ என்றார். கிண்ணத்தைக் காட்டினார். மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு கொடுக்கச் சொன்னார்.

இடது கையால் ஒரு கரண்டி எடுத்து உயரத் தூக்கினார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த முறை நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கரண்டியைப் பார்த்தேன். நீல நூல் அதிலிருந்து இறங்கி, மெலிந்து மெலிந்து, அறாமல் கிண்ணத்தைத் தொட்டது. எனக்குப் பின்னால் நின்ற நங்கை, “சரியா இருக்குது சாமி” என்றார். நானும் தலையசைத்தேன். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார்.

வாயிலேயே வைத்திருந்தார். எனக்கு அது ஒரு மணி நேரம். திரை ஒரு கணம் வெள்ளையானது. தொண்டை மூடினால் அப்படித்தான் ஆகும் என்று மருத்துவர் சொன்னார். திரும்பத் தெரிந்தபோது உணவுக்குழாயின் ஓரத்தில் நீலம் பூசியிருந்தது. மூச்சுக்குழாயில் இளஞ்சிவப்பைத் தவிர எதுவும் இல்லை.

மருத்துவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். “இன்னொரு கரண்டி,” என்றார்.

எட்டுக் கரண்டி. இருமல்: 0. வயிற்றுக் குழாய் இப்போதைக்கு இல்லை, ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம்.

மே 17

மூக்குக் குழாயை எடுத்து நேற்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காலையில் மூவரும் தூக்கிப் பார்த்தோம். மாமாவுக்குத் திருப்தியில்லை. தயிர் எனக்கு நன்றாகவே இழுப்பதாகத் தெரிந்தது. வாதாடவில்லை. கொட்டிவிட்டு, மலைப்பானையில் மிச்சம் இருந்ததிலிருந்து உறை ஊற்றினேன்.